கால் இல்லாமல் ஓடும் சொல்

சப்டைட்டில் மொழிபெயர்க்கிறவர்களைப் பெரிய சொற்கள் தொந்தரவு செய்வதில்லை. அகராதியைப் புரட்டினால் ஆயிற்று. படுத்துவதெல்லாம் ‘ரன்’ மாதிரி ஒன்றாம் வகுப்புச் சொற்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பீட்டர் கில்லிவர் இந்த ஒரு வினைச்சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 645 பொருள் தேறியது. 1989 பதிப்பில் 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது ‘செட்’.

‘ஓடு’ என்று போட்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். தமிழிலும் பஸ் ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, சில நாள் மூளை மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. எதற்கும் கால் கிடையாது. தடைபடாமல் போய்க்கொண்டே இருந்தால் அது ஓட்டம். இரண்டு மொழிக்கும் இதில் சண்டையில்லை.

மிச்சப் பாதிக் கிணறுதான் ஆபத்து. கம்பெனியை அவர்கள் ‘ரன்’ பண்ணுகிறார்கள், நாம் நடத்துகிறோம். (‘ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று ஒருவர் சொன்னால் வியாபாரம் படுத்துவிட்டது என்று அர்த்தம்!) தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்கிறார், நம்மவரும் நிற்கிறார். அமெரிக்கப் படத்தில் ‘ஷீ இஸ் ரன்னிங்’ என்று ஒருவர் கிசுகிசுத்தால், அவள் மேயர் பதவிக்கு நிற்கிறாளா, போலீஸுக்குப் பயந்து ஓடுகிறாளா என்று முன்காட்சியைப் பார்த்த பிறகே விரலைக் கீபோர்டில் வைக்க வேண்டும்.

அப்புறம் இந்த ஒட்டுச்சொற்கள். பழைய சிநேகிதியைத் தற்செயலாகப் பார்த்ததாகச் சொல்ல நாயகன் ‘ரன் இன்டு’ என்கிறான். ஒரு படத்தில் அதற்குக் கீழே ‘அவள்மேல் ஓடிப்போய் மோதினேன்’ என்று வந்தது. அடுத்த காட்சியில் இருவரும் சிரித்துப் பேசுகிறார்கள், யாருக்கும் கட்டுப் போடவில்லை. ‘ரன் அவுட்’டும் லேசுப்பட்டதல்ல. கிரிக்கெட்டில் ஓடி அவுட் ஆகிறார்கள். பெட்ரோல் ‘ரன் அவுட்’ ஆனால் வண்டியே ஓடாது. மூக்கு அங்கே ஓடும், இங்கே ஒழுகும். பரம்பரைக் குணம் அங்கே குடும்பத்தில் ஓடும், இங்கே ரத்தத்தில் ஊறியிருக்கும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது வங்கி மேல் வரும் ‘ரன்’. நம்பிக்கை போய் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்பது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியில் அது நடந்தது. பெயர்தான் ஓட்டம், கிளை வாசல்களில் ஜனங்கள் பொறுமையாக வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க்கில் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் எடுக்கக் கேட்ட தொகை 4,200 கோடி டாலர். பெரும்பாலானோர் இருந்த இடத்திலிருந்தே பட்டனைத் தட்டினார்கள், நிற்கக்கூட இல்லை. இதற்கு ‘ஓட்டம்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘பணத்தை எடுக்க முண்டியடிப்பது’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். திரையில் கிடைப்பது இரண்டு வரி. அதில் பாதியை இதுவே தின்றுவிடுகிறது. சுருக்கமாக வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.