குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பொலிஸ் சான்றிதழ்

வெள்ளவத்தையில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த நான், திருமணமாகி லண்டனுக்கு வந்து அதே வேலையைத் தேடியபோது, பயிற்சிச் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்ப்பதற்கு முன்னரே என்னிடம் இரண்டு விடயங்களைக் கேட்டார்கள். ஒன்று, இங்கிலாந்தின் டி.பி.எஸ். (DBS) எனப்படும் குற்றப்பதிவுச் சோதனை. மற்றையது, கொழும்புப் பொலிஸ் தலைமையகம் வழங்கும் நற்சான்றிதழ். டி.பி.எஸ். சோதனை பிரித்தானியாவிலுள்ள பதிவுகளையே பார்ப்பதால், பிறநாட்டில் வாழ்ந்தவரிடம் அந்நாட்டின் சான்றையும் பெறுமாறு குழந்தைகள் காப்பகங்கள் கேட்கின்றன. வசித்த முகவரிகளையெல்லாம் காலத்தோடு எழுதி விண்ணப்பித்தேன்.

இதைக் கேட்டதும் அம்மா தொலைபேசியில் பதறினார். "ஏன் பிள்ளை, உன்னில அவைக்கு என்ன சந்தேகம்?" என்றார். அவரது பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. போர்க்காலக் கொழும்பில் தமிழர்கள் வீட்டிலுள்ளோரின் விபரங்களைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாமா வந்து இரண்டு நாள் தங்கினாலும் அந்தக் கவலைதான் முதலில் வரும். 2007 ஜூன் 7ஆம் திகதி, விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் எங்கள் வீதியில் எவரும் மறக்கவில்லை. அங்கே எங்களைச் சோதித்தது நாங்கள் யார் என்பதற்காக. இங்கே சோதிப்பது நாங்கள் செய்யப்போகும் வேலைக்காக. காப்பகத்தின் பொறுப்பாளர், பயிற்சிக்கு வரும் மாணவி என எல்லோருக்கும் அதே சோதனைதான். இந்த வேறுபாட்டை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்குச் சில காலம் எடுத்தது.

இந்த முறை இன்றைய வடிவத்தைப் பெற்றதற்குப் பின்னால் பெருந்துயர் ஒன்று உண்டு. 2002 ஓகஸ்டில் இங்கிலாந்தின் சோஹம் (Soham) என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்றவர், அவ்வூர்ப் பாடசாலையொன்றின் பராமரிப்பாளர். அவர்மீது வேறொரு பகுதியில் முன்பே பல முறைப்பாடுகள் எழுந்திருந்தும், அவரை வேலைக்கு எடுத்தவர்களிடம் அவை போய்ச் சேரவில்லை. அதை ஆராய்ந்த பிச்சார்ட் விசாரணையின் அறிக்கை 2004இல் வெளிவந்தது; 2006இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. குழந்தைகளோடு வேலை செய்யவே கூடாதெனத் தடை செய்யப்பட்டோரின் பட்டியலும் அதன்படியே பேணப்படுகிறது. விரிவான சோதனையில் தண்டனைகள் மட்டுமன்றி, தொடர்புடையதெனப் பொலிஸார் கருதும் பிற தகவல்களும் வரலாம்.

ஆயினும், பதிவில் உள்ளதை மட்டுமே சான்றிதழ் சொல்லும். ஒருமுறையும் முறைப்பாடு செய்யப்படாதவரின் தாள் வெறுமையாகவே வரும். ஆகவேதான் முந்தைய வேலைத்தலத்தாரிடம் விசாரிப்பதும், வேலை செய்யாதிருந்த காலங்களுக்கு விளக்கம் கேட்பதும் அத்தோடு சேர்ந்து நடக்கின்றன. என் சான்றிதழ்கள் வந்து சேரும்வரை ஒரு குழந்தையுடனும் தனியே இருக்க என்னை அனுமதிக்கவில்லை. கைகழுவ அழைத்துச் செல்வதற்கும் இன்னொருவர் கூடவே வந்தார். அந்த ஒழுங்கைப் பார்த்த பின்னர்தான், என் மகளையும் இப்படிப்பட்ட இடத்தில் விடலாம் என்ற துணிவு எனக்கு வந்தது.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் இதே சோதனையைக் கேட்டபோது மூத்தவர் சிலர் மனம் நொந்தார்கள். தொண்டர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பணம் அங்கே தடையாக இருக்கவில்லை. "எல்லாரும் எங்கட ஆக்கள்தானே, தங்கச்சி" என்பதே அவர்களின் வாதம். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வாதத்தை ஏற்கமாட்டேன். பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் அறிமுகமானவரே. தெரிந்தவர் என்ற நம்பிக்கையே பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது.

கொழும்பிலும் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1929 என்ற இலக்கத்தில் எவரும் அதனிடம் முறையிடலாம். ஆனால் வெள்ளவத்தையில் பாடசாலை வான் ஓட்டுபவரையும் வீட்டுக்கு வரும் டியூஷன் மாஸ்டரையும் பெற்றோர் பெரும்பாலும் யாரோ சொன்னதை வைத்தே ஏற்றுக்கொள்கிறார்கள். என் தங்கை இந்தத் தவணையில் வான் சாரதியிடம் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டாள். அவர் கோபிக்கவில்லை; விண்ணப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதே வானில் பிள்ளைகளை அனுப்பும் மற்றத் தாய்மாரும் இப்போது அதைக் கேட்கிறார்கள்.