தட்டச்சு செய்பவரும் விண்ணப்பிப்பவரும்

தொலைநிலைக் கல்வி நிறுவனம் ஒன்றின் சேர்க்கை இணையதளத்தைச் சீரமைக்கும் பணி எங்கள் குழுவிடம் வந்தபோது, நிறுவனம் முதலில் கேட்டது புதிய முகப்புப் பக்கத்தைத்தான். நகரும் படங்களும் நிர்வாகத்தினரின் வாழ்த்துச் செய்திகளும் அதில் இடம்பெற வேண்டும் என்றார்கள். ஆனால் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளின் பதிவேட்டைப் புரட்டியபோது முகப்பைப் பற்றி ஒருவரும் குறைகூறியிருக்கவில்லை. விண்ணப்பம் பாதியில் நின்றுபோனது, பெயர் தவறாகப் பதிவானது, மதிப்பெண் ஒன்றிரண்டு மாறிப்போனது, தேர்வு அனுமதிச் சீட்டு வந்து சேரவில்லை என்பவையே திரும்பத் திரும்ப வந்த புகார்கள். எனவே வடிவமைப்பில் கைவைக்கும் முன், தளத்தைப் பயன்படுத்துபவர்களையே வேலையைச் செய்யச் சொல்லிக் கவனிக்கும் பயனர் சோதனை நடத்த அனுமதி கேட்டோம்.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. ஆயிரம் பேரிடம் கருத்துப் படிவம் வாங்கினால்தான் அது ஆய்வு என்பது நிர்வாகத்தின் எண்ணம். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியதை நாங்கள் எடுத்துக்காட்டினோம். அவரும் சக ஆய்வாளர் தாமஸ் லாண்டவரும் முன்பு செய்த ஆய்வில், ஒரு பயனரைக் கவனித்தாலே சராசரியாக 31 சதவீதச் சிக்கல்கள் தெரியவந்தன என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. இந்த எண்களை ஒப்பிப்பவர்களில் பலர், பயனர்கள் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையினரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று நீல்சனே சொல்லியிருப்பதை விட்டுவிடுகிறார்கள். எங்களுக்குத் தரப்பட்ட திட்ட அறிக்கை பயனர்களை வயது, பாடப்பிரிவு, ஊர் என்று பிரித்திருந்தது. களத்தில் நாங்கள் கண்ட பிரிவு இவற்றில் எதிலும் அடங்காதது.

முதல் சோதனைகளை அலுவலக அறையில் நடத்தினோம். மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்யச் சொல்வது இத்துறையின் பழைய முறை. நம் ஊரில் அது அவ்வளவு எளிதாக அமைவதில்லை. கணினியின் முன் உட்கார்ந்தவர் தேர்வு எழுத வந்தவரைப் போல அமைதியாகிவிடுகிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், படிவத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியவர்கூட, "நல்லாத்தான் இருக்கு சார்" என்கிறார். வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதையே அதற்குக் காரணம். அதனால் கருத்துக் கேட்பதை நிறுத்திவிட்டு, வேலையை மட்டும் கொடுத்துவிட்டுக் கைகளையும் கண்களையும் கவனித்தோம். இடையில் உதவிக்குப் போகாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் சோதனை நடத்துபவருக்குக் கடினமான பகுதி.

அவ்வாறு வந்த ஒரு பெண்மணி, மின்னஞ்சல் பெட்டி வந்ததும் நிறுத்திவிட்டு, "இதெல்லாம் ஜெராக்ஸ் கடைத் தம்பியே போட்டுருவாரு" என்றார். அதன் பிறகு நாங்கள் சோதனையை அறையிலிருந்து கடைகளுக்கு மாற்றிக்கொண்டோம்.

பேருந்து நிலையங்களை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளிலும் நெட் சென்டர்களிலும் எங்கள் படிவம் உண்மையில் எப்படி நிரப்பப்படுகிறது என்பதை அங்கேதான் பார்த்தோம். கணினித் திரை கடைக்காரரை நோக்கி இருக்கிறது. விண்ணப்பிப்பவர் பக்கவாட்டில் பிளாஸ்டிக் முக்காலியில், சான்றிதழ்களை ஒரு உறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் திரை தெரிவதில்லை; ஓடிபி வரும்போது அதை வாசித்துச் சொல்வது மட்டுமே அவருடைய பங்கு. கடைக்காரரோ மதிப்பெண் சான்றிதழைப் பார்த்தபடி, டேப் விசையை அழுத்தி அழுத்தி, திரையை அரைக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கும் பதில் சொல்லியவாறு தட்டச்சு செய்கிறார். நாங்கள் ஒருவர் என்று எண்ணியிருந்த பயனர் இங்கே இருவர். விவரங்கள் ஒருவருடையவை, விரல்கள் இன்னொருவருடையவை. பிழை நேர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் திரையையே பார்க்காதவர்.

மதிப்பெண் மாறிப்போகும் மர்மம் அந்தக் கடைகளில் ஒன்றில்தான் துலங்கியது. கடைக்காரர் பெட்டியில் 487 என்று சரியாகவே உள்ளிட்டார். பிறகு பக்கத்தைக் கீழே நகர்த்த மவுஸின் உருளையைச் சுழற்றினார். கர்சர் இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்ததால், உலாவி அந்தச் சுழற்சியை எண்ணைக் குறைக்கும் கட்டளையாக எடுத்துக்கொண்டது. 487 என்பது 486 ஆயிற்று, இருவரும் கவனிக்கவில்லை. எண்ணுக்கென்று உலாவி தரும் உள்ளீட்டு வகையைப் பயன்படுத்தியதால் வந்த வினை இது. பிரிட்டிஷ் அரசின் இணையதளமான கவ்.யுகேயின் வடிவமைப்புக் குழுவும் இந்த உருளைச் சிக்கல் உட்பட்ட காரணங்களால் 2020ஆம் ஆண்டில் தன் படிவங்களில் அவ்வகையைக் கைவிட்டு, சாதாரண எழுத்துப் பெட்டிக்கே எண் விசைப்பலகையை வரவழைக்கும் முறைக்கு மாறியது. நாங்களும் அதையே செய்தோம். ஒரு வரி மாற்றம்தான். ஆனால் கருத்துப் படிவத்தை ஆயிரம் பேரிடம் கொடுத்திருந்தாலும் இது வெளிவந்திருக்காது. நேர்ந்ததே தெரியாத பிழையை எவராலும் புகாராக எழுத முடியாது.

பெயர்ப் பெட்டிகள் இன்னொரு தலைவலி. முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டும் கட்டாயமாக இருந்தன. இன்ஷியலோடு வாழும் ஊரில் கடைசிப் பெயர் என்று எதை எழுதுவது? ஒரு கடையில் தந்தையின் பெயரை எழுதினார்கள்; இன்னொன்றில் இன்ஷியலை எழுத, இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று படிவம் மறுத்ததால் அதே எழுத்தை இருமுறை அடித்தார்கள். "கே கே"க்கள் பட்டியலில் பெருகியதற்குக் காரணம் அதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயருக்கு ஒரே பெட்டி, கட்டாயமில்லாத இன்ஷியல் பெட்டி ஒன்று என்று மாற்றினோம். பிறந்த தேதிக்கு இருந்த நாட்காட்டியை எடுத்துவிட்டு, நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டிகள் வைத்தோம். 1979இல் பிறந்தவருக்காக மாதம் மாதமாகப் பின்னோக்கிச் சொடுக்குவது யாருக்கும் தண்டனையே. நிரந்தர முகவரியை எழுதிய பின் தொடர்பு முகவரி என்று அதையே மறுபடி கேட்டதும் போயிற்று. ஒரே தகவலை ஒரே வேலைக்குள் இருமுறை எழுத வைக்கக் கூடாது என்பது 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை நெறிமுறையிலேயே இடம்பெற்றுவிட்டது.

புகைப்படத்தைக் குறிப்பிட்ட கிலோபைட் அளவுக்குள் சுருக்கித் தரும் பொறுப்பையும் எங்கள் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டோம். அந்த ஒரு காரணத்துக்காகவே, படத்தைச் சுருக்கித் தரும் வேறு தளங்களைக் கடைக்காரர்கள் எந்நேரமும் திறந்து வைத்திருந்தார்கள். சர்வர் ஒரு நொடியில் செய்யக்கூடிய வேலையை மனிதர் தலையில் கட்டுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் அதிகம் உழைத்தது சரிபார்ப்புப் பக்கத்தில். பணம் செலுத்தும் முன், பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், பாடப்பிரிவு, கைப்பேசி எண் ஆகியவற்றை மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் காட்டும் பக்கம் அது. பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவரே வாசிக்க வேண்டும் என்பது நோக்கம். ஆங்கிலத்துக்கு அமைத்த வரி உயரத்தில் தமிழ் எழுத்துகளின் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதால் இடைவெளியைக் கூட்ட வேண்டியிருந்தது. மறுசோதனையில், பல கடைக்காரர்கள் யாரும் சொல்லாமலே திரையைத் திருப்பி, "பார்த்துக்கோங்க அண்ணே, அப்புறம் மாத்த முடியாது" என்றார்கள். பிழை நேர்ந்தால் அவர்கள் கடைக்குத்தானே சண்டை வருகிறது. அந்தப் பக்கம் அவர்களுக்கும் பாதுகாப்பாக அமைந்தது.

நிர்வாகத்தை இணங்க வைத்தது எங்கள் அறிக்கை அல்ல. அதை எவரும் முழுதாகப் படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. உரியவர்களின் ஒப்புதலோடு எடுத்த, மதிப்பெண் கண்ணெதிரே மாறும் காணொளித் துண்டைக் கூட்டத்தில் போட்டதும் முகப்புப் பக்கத்தைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது. வாழ்த்துச் செய்திகள் மட்டும் உள்பக்கம் ஒன்றில் இடம்பிடித்துக்கொண்டன.

மின்னஞ்சல் விவகாரம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குக் கடைக்காரர்கள் தங்கள் கடையின் முகவரியையே கொடுத்துவந்தார்கள். அனுமதிச் சீட்டுகள் அந்த அஞ்சல் பெட்டியில் போய்க் குவிந்தன. மின்னஞ்சலைக் கட்டாயமற்றதாக்கிக் குறுஞ்செய்திக்கு மாறினோம். இப்போது, கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களுக்குக் கடைக்காரரின் எண்ணே பதிவாகிறது. ஒரே எண் பல விண்ணப்பங்களில் வந்தால் மறுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது; ஒரே கைப்பேசியை வைத்திருக்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பிப்பதைப் பார்த்திருந்ததால் அதை ஏற்கவில்லை. விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் கொண்டு எந்தக் கடையிலும் அனுமதிச் சீட்டை எடுத்துக்கொள்ளும் வசதியையும், அதற்கான வழியை ஒப்புகைச் சீட்டிலேயே அச்சிடுவதையும் அடுத்த சேர்க்கைக்கு முன் கடைகளில் சோதித்துப் பார்க்கவிருக்கிறோம்.