கால் கிலோ கணக்கு

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்தவள் நான்தான். 2018 அக்டோபரில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்கு எம்பெடட் சிஸ்டம்ஸ் படிக்கக் கிளம்பினேன். அதுவரை விமானம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் மொட்டைமாடியிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பணக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒருமுறை கட்டும் சிறு தொகை மட்டும்தான். ஆனால் விசா வேண்டுமென்றால் ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்டவேண்டும். அந்த வருடம் அது 8,640 யூரோ, நம் பணத்தில் ஏழு லட்சத்துக்கு மேல். அங்கே போனபிறகு மாதம் 720 யூரோ வீதம்தான் கைக்கு வரும். வங்கிக் கடன், அம்மாவின் நகை, சித்தப்பா கொடுத்தது எல்லாம் சேர்த்துக் கட்டினோம். பணம் போய்ச் சேர்ந்த அன்று அப்பா நன்றாகத் தூங்கினார். அப்புறம் அவருக்குப் புதுக் கவலை ஒன்று வந்துவிட்டது. பெட்டியின் எடை.

என் டிக்கெட்டுக்கு 23 கிலோவில் ஒரு பெட்டி, கையோடு எடுத்துப்போக 8 கிலோவில் ஒரு பை. அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தார். நூல் கோன் மூட்டைகளை எடை போட்டுச் சீட்டு ஒட்டுவதுதான் அவர் வேலை. கடைத் தராசையெல்லாம் அவர் நம்பவில்லை. பெட்டியையும் பையையும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு மில்லுக்கே போய், மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, மூட்டை போடும் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். முதல் தடவை பெட்டி 26 கிலோ காட்டியது. மூன்று கிலோவை எங்கே குறைப்பது? இரண்டு புத்தகம், ஒரு போர்வை, தோசைக்கல் எல்லாம் வெளியே வந்தன. குக்கர் மட்டும் அசையவில்லை. அதன் வயிற்றுக்குள் பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப்பொடியும் புளிக்காய்ச்சலும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன.

நெய்யும் பால்கோவாவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவரக் கூடாது என்பது விதி. சீனியர் அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் இதைத் தனியாகவே எழுதி அனுப்பியிருந்தார். அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊருலருந்து போறவ பால்கோவா இல்லாமயா போவா?" என்றாள். மறுபடியும் சொன்னேன். சரி என்றாள்.

மூன்றாம் தடவை மில்லிலிருந்து திரும்பியபோது பெட்டியிலும் பையிலும் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் எழுதியிருந்தார் அப்பா. பெட்டி 22.600. பை 7.400. மில் சீட்டில் எழுதுகிற மாதிரியே, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.

பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, சித்தப்பா வீட்டில் பகல் முழுக்க இருந்துவிட்டு, இரவு பத்து மணிக்கெல்லாம் மீனம்பாக்கம் போய்விட்டோம். விமானம் நள்ளிரவுக்கு மேல்தான். வாசலில் நிற்கும் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து என்னை மட்டும் உள்ளே விட்டார். அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. "எடை போட்டதும் போன் பண்ணு" என்றார்.

கவுண்டரில் பெட்டியை வைத்தேன். 22.6. என் பின்னால் நின்றவர் காதில் விழும்படியே "அப்பா!" என்று சொல்லிவிட்டேன். பையையும் வைக்கச் சொன்னார்கள். 7.7.

போன் செய்தேன்.

"பெட்டி கரெக்டா இருக்குப்பா. பை மட்டும் 7.7 காட்டுது. 8 வரைக்கும் விடுவாங்க, பிரச்சினை இல்ல."

"300 கிராம் கூடுதா? பெட்டி சரியா இருக்கும்போது பை எப்படிக் கூடும்?"

"தெரியலப்பா."

"நம்ம மெஷின் தப்பாக் காட்டாதேம்மா."

இமிக்ரேஷன் வரிசை நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் விடைபெற்றோம்.

என் பக்கத்து இருக்கையில் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாட்டி ஒருவர். சிகாகோவில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகிறார். அவருக்கும் அதுதான் முதல் விமானம். சீட் பெல்ட்டை இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்து மாட்டினோம். ஓடுபாதையில் வேகம் எடுத்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காய்ப்பு ஏறிய உள்ளங்கை, வளையல் என் எலும்பில் அழுந்தியது. சக்கரம் தரையை விட்ட அந்த நொடி வயிறு காலியாகிப்போன மாதிரி இருந்தது. சன்னலில் சென்னையின் விளக்குகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் கீழே ஒன்றுமில்லை, கடலின் இருட்டு மட்டும். "பயப்படாத தாயி" என்றார் பாட்டி. பிடியை மட்டும் விடவில்லை.

தூங்கி விழித்தபோது குளிர் தாங்கவில்லை. எதிரே இருந்த திரையில் கருங்கடல் என்று வரைபடம் காட்டியது, வெளியே மைனஸ் 54 டிகிரி. ஸ்வெட்டர் எடுக்கலாம் என்று பையை இறக்கினேன். மடித்திருந்த ஸ்வெட்டரை உதறியதும் மடியில் ஒரு பொட்டலம் விழுந்தது. தினசரித் தாள், ரப்பர் பேண்ட், உள்ளே பிளாஸ்டிக் டப்பா. திறந்ததும் காய்ச்சிய பாலின் வாசனை. கால் கிலோ பால்கோவா. டப்பாவோடு சேர்த்தால் 300 கிராம்.

நான் அழுதது அப்போதுதான். விமானநிலைய வாசலில் வராத அழுகையெல்லாம் அங்கே வந்தது. பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அம்மா வச்சதா?" என்றார்.

இறங்குவதற்குள் தீர்த்தாகவேண்டும். பாட்டி நாலு விள்ளல் சாப்பிட்டார், நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் ரெண்டு. மிச்சம் முழுக்க நான். டப்பாவைத் துடைத்துக் காலியாகப் பைக்குள் வைத்தேன். பிராங்ஃபர்ட்டில் சக்கர நாற்காலி உதவியாளரிடம் பாட்டியை ஒப்படைத்து, அவர் மகளின் எண் எழுதிய சீட்டையும் காட்டிவிட்டு, இமிக்ரேஷன் வரிசைக்குப் போனேன். அதிகாரி அட்மிஷன் கடிதத்தைப் பார்த்தார், என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டார், முத்திரை குத்தினார். அவ்வளவுதான். இதற்காகவா ஒரு மாதம் ஃபைல் அடுக்கினேன் என்றிருந்தது.

விமானநிலையத்திலேயே ரயில் கிடைத்தது. லைப்ஸிக் வரை ஐசிஇ என்ற அதிவேக ரயில், கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. லைப்ஸிக் நம்ம சென்ட்ரல் மாதிரி, தண்டவாளம் எல்லாம் வந்து முட்டி நிற்கும் பிரம்மாண்டமான நிலையம். அங்கே மாறவேண்டும். கெம்னிட்ஸில் இரண்டரை லட்சம் பேர் இருக்கிறார்கள், ஆனாலும் அப்போது அந்த ஊருக்கு நெடுந்தூர ரயில் எதுவும் கிடையாது. பெட்டியை ஏற்ற முடியாமல் நின்றபோது, பெயின்ட் கறை படிந்த சட்டைக்காரர் ஒருவர் ஒரே தூக்கில் உள்ளே வைத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் அடுத்த ரயில்பெட்டிக்கு நடந்துவிட்டார். பழைய பெட்டிகள், முன்னால் டீசல் எஞ்சின், மேலே மின்கம்பி இல்லாத பாதை. விருதுநகர்–செங்கோட்டைப் பாதையும் அன்று அப்படித்தான் இருந்தது. எஞ்சின் உறுமுவதைக் கேட்டதும்தான் தோள் இறங்கியது, சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வரும்போது முதலில் கண்ணில் படுவது ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரம். கெம்னிட்ஸில் முதலில் தெரிந்தது ஒரு புகைபோக்கி. 302 மீட்டர் உயரம், மேலிருந்து கீழ்வரை ஏழு வண்ணம் பூசியது. ஒரு காலத்தில் இந்த ஊரை சாக்சனியின் மான்செஸ்டர் என்பார்கள், அவ்வளவு நெசவும் நூற்பும் இயந்திரத் தொழிலும் இருந்தன. நான் இதைச் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு இந்த ஊர்மேல் ஒரு பிரியம்.

சீனியர் அக்காவின் அறைக்கு வந்து வைஃபை கிடைத்தபோது மாலை ஆறரை. நம் ஊரில் இரவு பத்து. அப்பாவும் அம்மாவும் பொதிகையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மேல்மருவத்தூர் தாண்டுறோம் என்றார் அப்பா. ரயில் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"அப்பா, அந்த 300 கிராம் கிடைச்சிருச்சு."

"என்னது?"

"பால்கோவா. ஸ்வெட்டருக்குள்ள."

கொஞ்ச நேரம் தண்டவாளச் சத்தம் மட்டும்.

"அதானே பாத்தேன். மெஷின் சரியாத்தான் காட்டியிருக்கு." குரல் மாறியிருந்தது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா கேட்டாள்: "கெட்டுப்போகாம இருந்துச்சா?"