கொச்சிக்கடையில் தீர்ந்த நேர்த்தி

சொந்த வீட்டு உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததும் அதைக் கொழும்பு கொச்சிக்கடைச் சிவன் கோயிலில் பொன்னம்பலவாணேசுவரரின் பாதத்தில் வைத்து எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் அந்த வீட்டில் விளக்கேற்ற வேண்டும். இதுதான் அம்மா வைத்த நேர்த்திக்கடன். ஜிந்துப்பிட்டியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தபோது, மாத முடிவுக்குள் அறையை விட்டுவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போன மாலையில் வைத்தது. நான் அப்போது புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

வத்தளை வீட்டின் உறுதி எங்கள் கைக்கு வந்தது. அடுத்து வந்த சனிப் பிரதோஷத்தன்று புறப்பட்டோம். இப்போது நாங்கள் இருக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடை கூப்பிடு தூரம்தான். ஆனால் அப்பா கேட்கவில்லை. புறக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய், நான்காம் குறுக்குத் தெரு வழியாக நடந்துதான் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்தத் தெருவில்தான் அப்பா நாட்டாமையாக, அதாவது சுமைகூலியாக, மூட்டை சுமந்தார். வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய், அரிசி. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. இரவு வந்ததும் எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்று சொல்லுவார், நான் கொப்பியில் எழுதுவேன். கூலி கொடுக்கும் நாளில் கணக்கு குறைந்தால் அந்தக் கொப்பியைத்தான் கொண்டுபோய்க் காட்டுவார். பெருக்கலும் கூட்டலும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததைவிட அப்பாவின் முதுகிலிருந்து வந்தது அதிகம். இன்று நான் பட்டயக் கணக்காளர். பெரிய நிறுவனங்களின் கணக்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறேன். எல்லாம் ஈசன் போட்ட பிச்சை.

வெயில் கொளுத்தியது. கைவண்டிகளுக்கும் லொறிகளுக்கும் நடுவே அம்மா முழங்கால் வலியோடு நடந்தார். முச்சக்கரவண்டி பிடிக்கலாம் என்றேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செட்டியார் தெருவில் நகைக்கடைகளைத் தாண்டி, இரண்டு கதிரேசன் கோயில் வாசல்களிலும் நின்று கும்பிட்டுவிட்டுக் கொச்சிக்கடைக்கு வந்து சேர்ந்தோம்.

கோயில் வாசலில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விலையைக் கேட்கும் முன்பே அர்ச்சனைத் தட்டைக் கையில் திணிக்கிறார்கள். வேண்டாம் என்றால் சேலையைப் பிடித்து இழுக்கிறார்கள். பணம் தந்தால் முன்வரிசைக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் காதருகே வந்து சொன்னார். ஈசன் சந்நிதிக்கு இடைத்தரகரா? உள்ளே போனால், நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பின்னால் நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாமல் மறைக்கிறார்கள். மனம் நொந்தது.

ஆனால் கருங்கல் தரையில் கால் வைத்ததுமே அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் தந்தையார் கட்டிய கோயிலை 1907 முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லாக எழுப்பிய திருப்பணி இது. பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்லி வியப்பார்கள். அப்பா மட்டும் எப்போது வந்தாலும் ஒரு தூணைத் தொட்டு, "இதையெல்லாம் எத்தனை பேர் சுமந்தார்களோ" என்பார். அன்றும் சொன்னார்.

பஞ்சபுராணம் ஓதி முடிந்து, தீபாராதனைக்குப் பின் எங்கள் முறை வந்தது. பட்டுத்துணியில் சுற்றிய உறுதியைக் குருக்கள் வாங்கிக்கொண்டு, "யார் பெயருக்கு அர்ச்சனை?" என்று கேட்டார். அம்மா வழக்கம்போல என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் சொன்னேன். உறுதியில் இருப்பதும் அந்த இரண்டு பெயர்கள்தான்.

மேற்சட்டையைக் கழற்றிவிட்டு அப்பா எனக்கு முன்னால் நின்றார். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அவருடைய வலது தோள் தெரிந்தது. மூட்டை உராய்ந்து உராய்ந்து காய்த்துக் கறுத்த தோள். சிறு வயதில் எத்தனையோ இரவுகள் அதில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். குருக்கள் திருநீறு தந்ததும் அப்பா நெற்றியில் பூசினார், மார்பில் பூசினார், பிறகு அந்தக் காய்ப்பின்மேல் பூசிவிட்டுக் கையை அப்படியே வைத்திருந்தார். உறுதி ஈசன் பாதத்தில் இருந்தது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. கூட்டம் தள்ளியது, யாரோ "நகருங்கள் அக்கா" என்றார்கள், என்னால் நகர முடியவில்லை.

இதே இடத்தில் அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சிறுமியை நினைத்தேன். பட்டயக் கணக்காளர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. விடியற்காலையில் பொதுக்குழாயடியில் வாளியோடு வரிசையில் நிற்பவள் அவள். வீட்டுக்குள்ளேயே ஒரு தண்ணீர்க் குழாய், யாரும் எழுந்து போ என்று சொல்லாத ஒரு கதவு, இரண்டைத்தான் சாமியிடம் கேட்டாள். இரண்டும் கிடைத்துவிட்டன, பிள்ளை. வத்தளையில் குழாயைத் திறந்தால் குசினியிலேயே தண்ணீர் வருகிறது. வங்கிக் கடன் இன்னும் நிறைய இருக்கிறது. அதையும் அவனே அடைக்கவைப்பான். கேட்டதைக் கொடுத்தவன், கேட்கத் தெரியாததையும் சேர்த்துக் கொடுத்தவன் அவன்.

சிவகாமி அம்பாளைக் கும்பிட்டு வெளியே வந்ததும், பக்கத்துத் தேவாலயத்தில் அந்தோனியாருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றவேண்டும் என்றார் அம்மா. அவருடைய செவ்வாய்க்கிழமைகள் அங்கேதான் கழிந்தன. 2019இல் குண்டு வெடித்த பிறகும் அவர் போவதை நிறுத்தவில்லை. ஏற்றிவிட்டு வரும் வழியிலேயே அடுத்த நேர்த்தியும் வைத்துவிட்டார். தம்பிக்கு உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு கிடைத்தால் குடும்பத்தோடு கதிர்காமம். தை பிறந்ததும் வத்தளையில் பால் காய்ச்சுகிறோம், குருக்களிடம் நாளும் கேட்டாயிற்று.