"யூரின் போகுது"ன்னு சொன்னா போதாது

சர்ஜரி வார்டுல நைட் டூட்டி, டூட்டி மாத்தி விடற ஹேண்ட்ஓவர்ல அந்த ஐயாவ பத்தி சொன்னது ஒரே வரி தான், "குடல் ஆபரேஷன், நேத்து காலைல முடிஞ்சது, ஸ்டேபிள், யூரின் போகுது". இப்பல்லாம் எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துலன்னு திருப்பி கேக்காம நான் விடறதில்ல, அன்னைக்கு கேக்கல.

பத்து மணிக்கு குனிஞ்சு யூரின் பேக்க பாத்தா அந்த ஒரு மணி நேரத்துக்கு 25 மில்லி, பதினோரு மணிக்கு 20. அவர் 60 கிலோ, கிலோவுக்கு மணிக்கு அரை மில்லின்னு கணக்கு போட்டா கூட 30 வரணும். டியூப் மடங்கியிருக்கும்னு போர்வைய விலக்கி பாத்தேன், நெஜமாவே தொடைக்கு அடியில நசுங்கி கெடந்துச்சு, எடுத்து விட்டதும் ஒரு 15 மில்லி இறங்குச்சு, எனக்கு அப்பாடான்னு ஆயிருச்சு. அங்க தான் தப்பு பண்ணேன். ஒரு காரணம் கையில கெடச்சுட்டா மனசு அடுத்தத தேடவே மாட்டேங்குது.

பன்னெண்டு மணிக்கு 12 மில்லி, நல்லா கருத்த தேன் கலர்ல. அடிவயித்த தொட்டு பாத்தேன், மெத்துன்னு இருந்துச்சு, பிளாடர் ரொம்பல, அப்போ அடைப்பு இல்ல, சிறுநீரகத்துல இருந்தே வரல. அதுக்கப்புறம் தான் ஆள முழுசா பாக்க ஆரம்பிச்சேன். நாக்கு வறண்டு போயிருக்கு, கை சில்லுன்னு இருக்கு, நகத்த அமுக்கி விட்டா ரத்தம் திரும்ப வர மூணு செகண்டுக்கு மேல ஆகுது, பல்ஸ் 116, பிபி 104/62. 104ன்னா நார்மல் தானேன்னு தோணும், ஆனா இவர் பிபி பேஷன்ட், ஆபரேஷனுக்கு முன்னாடி சார்ட்ல எல்லாமே 150 கிட்ட. அந்த பிரஷருக்கு பழகுன கிட்னிக்கு 104 பத்தாது.

இன்டேக் அவுட்புட் சார்ட்ல பாத்தா 700 மில்லி பிளஸ்னு இருக்கு. உள்ள போனது அதிகம்னா ஆள் ஏன் இப்படி காஞ்சு கெடக்கார்? பக்கத்துல உக்காந்திருந்த அவரோட வீட்டம்மாகிட்ட கேட்டேன். "மூக்கு டியூப் பை ரொம்பிருச்சுன்னு பகல்ல ரெண்டு தடவ எடுத்து கொட்டுனாங்களே சிஸ்டர், பச்சையா இருந்துச்சு"ன்னாங்க. வயித்துல இருக்கற நீர வெளிய எடுக்க மூக்கு வழியா போட்ட டியூப் அது, அந்த பைல வந்தது சார்ட்ல எங்கயுமே ஏறல. அந்த அம்மா சொல்லலன்னா நானும் அந்த பிளஸ்ஸ நம்பியிருப்பேன்.

பன்னெண்டு மணிக்கு போட வேண்டிய டைக்ளோஃபெனாக் வலி ஊசிய லோட் பண்ணி ட்ரேல வச்சிருந்தேன், அத போடல. ரத்த ஓட்டம் கொறையும்போது கிட்னிக்குள்ள போற குழாய விரிச்சு வைக்க ஒடம்பே ஒரு ஏற்பாடு பண்ணும், இந்த மருந்து அதையே தடுத்துரும். கூடவே அமிக்கசின்ங்கற ஆன்டிபயாடிக் வேற ஓடுது, அதுவும் கிட்னிய பாதிக்கற மருந்து தான்.

டியூட்டி டாக்டர்க்கு போன் பண்ணேன். "சாயங்காலம் கிரியாட்டினின் 1.1 தானே சிஸ்டர்"ன்னார். கிரியாட்டினின்னா கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, கிட்னி சரியா வேலை செய்யலன்னா ரத்தத்துல ஏறும். "சார், ஆபரேஷன் அன்னைக்கு காலைல 0.8"ன்னு சொன்னேன். லேப் ரிப்போர்ட்ல 1.1க்கு பக்கத்துல எந்த குறியும் இருக்காது, ஆனா 48 மணி நேரத்துக்குள்ள 0.3 ஏறுனாலே அக்யூட் கிட்னி இஞ்சுரி, அதாவது கிட்னிக்கு திடீர்னு விழுந்த அடின்னு கேடிகோங்கற சர்வதேச கிட்னி அமைப்போட 2012 கைட்லைன்ல இருக்கு. அதுவும் கிரியாட்டினின் எப்பவுமே லேட்டா தான் ஏறும், அடி விழுந்து ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சு, யூரின் அதுக்கு முன்னாடியே கொறஞ்சிரும். அவர் ஒரு நிமிஷம் பேசல, "வர்றேன்"னார்.

வந்து சலைன் 250 மில்லியா ஏத்த சொன்னார், ஒவ்வொரு தடவையும் நெஞ்சுல ஸ்டெத் வச்சு கேட்டுட்டு தான் அடுத்தது, ஏன்னா வெளிய போக வழியில்லாதப்போ அள்ளி ஊத்துனா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். பொட்டாசியம் 5.6 வந்துச்சு, அதிகம் தான், அது ஏறுனா இதயத் துடிப்ப பாதிக்கும்னு ஒடனே ஈசிஜி எடுத்தோம், அதுக்கு அடையாளமா டி வேவ்ங்கற அலை கூர்மையாகல. ரெண்டு மருந்தும் நிப்பாட்டியாச்சு, வலிக்கு பாராசிட்டமால் ஏத்தினோம்.

காலைல கிரியாட்டினின் 1.9. டயாலிசிஸ் வரைக்கும் போகல, நாலாவது நாள் யூரின் தாராளமா போக ஆரம்பிச்சுது. அன்னைக்கு காலைல ஹேண்ட்ஓவர் குடுக்கறப்போ 25, 20, 12ன்னு மணி வாரியா சொன்னேன், மூக்கு டியூப் பைல இருந்தத அளந்து எழுதிட்டு தான் கொட்டுனேன்.