நியூமோனியாவுக்குப் பிறகு பாணும் பிஸ்கட்டும்

நியூமோனியாவோடு வார்ட்டில் கிடந்து வீடு திரும்பினவருக்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் நீட்டுவது பாணும் மாரி பிஸ்கட்டும்தான். லேசாகச் சமிக்குமாம். சமிக்கும்தான், ஆனால் பெருங்குடல் வரை போய்ச்சேர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அன்ரிபயோட்டிக்கில் அடிவாங்கிய குடல் பற்றீரியாக்கள் அதன்பிறகு பட்டினியும் கிடக்கின்றன.

இதனால் நுரையீரலுக்கு என்ன? நாங்கள் சமிக்க முடியாத நார்ச்சத்தை இந்தப் பற்றீரியாக்கள் நொதிக்கவைத்து அசற்றேற்று, புரொப்பியோனேற்று, பியூட்டிரேற்று என்ற சிறிய கொழுப்பமிலங்களாக ஆக்குகின்றன. பியூட்டிரேற்றில் பெரும்பகுதியைக் குடற்சுவரே எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில் ஒரு பங்கு இரத்தத்தில் கலந்து, நோயெதிர்ப்புக் கலங்கள் வேலைசெய்யும் விதத்தை மாற்றும். 2016இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வொன்றில், குடல் பற்றீரியா அழிக்கப்பட்ட எலிகளில் நியூமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கசு பற்றீரியா உடலெங்கும் கூடுதலாகப் பரவியது, இறப்பும் கூடியது.

அதற்காகப் பாமசியில் புரோபயோட்டிக் (நல்ல பற்றீரியா அடைத்த) கப்சியூல் வாங்கி ஐசியூவுக்குக் கொண்டு ஓடவேண்டாம். செயற்கைச் சுவாசத்தில் இருந்த 2650 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளிவந்த ஆய்வில் லக்ரோபசிலசு என்ற புரோபயோட்டிக் பற்றீரியா நியூமோனியாவைக் குறைக்கவில்லை. சிலருக்கு அந்தப் பற்றீரியாவே இரத்தத்தில் ஏறியிருந்தது.

சாப்பாடுதான் வழி, அதுவும் மெல்ல மெல்ல. ஒரு பிடி சிவப்புப் பச்சையரிசிக்குக் கால் பிடி பயறு போட்டு, குழைய அவித்த கஞ்சியில் அரைக் கோப்பையோடு தொடங்குங்கள். இரண்டு மூன்று நாள் வயிறு ஊதாமலிருந்தால் ஒரு பிடி முருங்கையிலை, பிறகு குரக்கன் பிட்டு, கதலிப்பழம். சிறுநீரக வருத்தக்காரர் கீரைக்கும் பழத்துக்கும் முன் டொக்டரைக் கேட்கவேண்டும். எடுத்த எடுப்பில் ஒடியல் கூழுக்குத் தாவினால் வாயு ஏறும். ஊதின வயிறு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள பிரிமென்றகட்டை மேலே தள்ள, ஏற்கெனவே மூச்சு வாங்குபவருக்கு இன்னும் இழுக்கும். கூழின் உறைப்பு இருமலையும் கிளப்பிவிடும்.

பழஞ்சோறு? ஆறின சோற்றில் சமிக்காத மாப்பொருள் கூடும் என்பது உண்மை. ஆனால் எங்கட வெக்கையில் இரவு முழுக்க வெளியில் கிடந்த சோற்றில் பசில்லசு சீரியசு என்ற பற்றீரியாவும் பெருகும், அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துப் பிரிட்ஜில் வையுங்கள். நோயெதிர்ப்பைக் குறைக்கும் பிரெட்னிசொலோன் மருந்து குடிப்பவருக்குப் பழஞ்சோறு வேண்டவே வேண்டாம்.

தயிர், மோர் நல்லதுதான். லெவோபுளொக்சசினோ டொக்சிசைக்கிளினோ என்ற அன்ரிபயோட்டிக் குடிப்பவர் குளிசைக்கு முன்னும் பின்னும் 2 மணித்தியாலம் அவற்றைத் தள்ளிவைக்கவேண்டும், கல்சியம் மருந்தைப் பிடித்துவைத்துவிடும். வயிறு சரியில்லையென்று அன்ரிபயோட்டிக்கைத் தன்பாட்டில் நிறுத்தக்கூடாது. ஒரு நாளில் 3 தடவையோ அதற்குமேலோ தண்ணியாகப் போய், காய்ச்சலோ வயிற்றுக்குத்தோ இருந்தால், மருந்து முடிந்து சில கிழமை ஆகியிருந்தாலும், அன்ரிபயோட்டிக்குக்குப் பிறகு குடலில் பெருகும் குளொஸ்திரிடியம் டிபிசில் என்ற பற்றீரியாவாக இருக்கலாம். வயிற்றோட்டத்தை நிறுத்தும் லொப்பரமைட் குளிசை போட்டு அடக்காமல் மருந்துத் துண்டையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.