ஓட்டத்துக்கான மூச்சு

வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் கபரகொய்யா என்னும் நீர் உடும்பு விரைந்து ஓடும்போது அதன் உடல் இடமும் வலமுமாக வளைவதைக் கொழும்பில் வாழ்பவர்கள் கண்டிருப்பார்கள். அவ்வாறு வளைகையில் ஒரு பக்க நுரையீரல் நெரிபட மறுபக்கம் விரிகிறது. மூச்சை இயக்கும் விலாத் தசைகளே ஓட்டத்துக்கும் உழைக்க வேண்டியிருப்பதால், பல்லியினங்களுக்கு ஓடிக்கொண்டே நன்றாக மூச்செடுப்பது கடினம் என்று உயிரியலாளர் டேவிட் கேரியர் 1987 இல் விளக்கினார். உடும்பினங்கள் தொண்டையால் காற்றை உள்ளே தள்ளி இத்தடையை ஓரளவு கடக்கின்றன. பாலூட்டிகளின் முன்னோர் கண்ட வழி வேறு; அவ்வழியே என்னைப் பெரிதும் ஈர்க்கிறது.

தென்னாபிரிக்காவின் கரூ படிவுகளிலும் அந்தாட்டிக்காவிலும் கிடைத்த திரினக்சோடன் என்னும், பாலூட்டிகளின் முன்னோருக்கு நெருங்கிய சிறு விலங்கு ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் இடுப்பை நெருங்கிய விலா எலும்புகள் குறுகி, தகடுபோல் அகன்று, ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. இதிலிருந்து அதற்குப் பிரிமென்றகடு, அதாவது மார்பையும் வயிற்றையும் பிரித்து மூச்சை இயக்கும் தசை, இருந்தது எனப் பலர் முடிவு செய்தார்கள். பிரிமென்றகடு தசையாலானது, உயிர்ச்சுவடாக எஞ்சுவது மிக அரிது. ஆகவே அம்முடிவை நான் தயக்கத்துடனேயே ஏற்கிறேன். உடலின் பக்கவாட்டு வளைவு குறைந்திருக்கும் என்பதையோ அந்த எலும்புகளே நேரடியாகக் காட்டுகின்றன. வாயையும் மூக்கு வழியையும் பிரிக்கும் எலும்பு அண்ணமும் அதற்கு இருந்தபடியால், இரையை மென்றுகொண்டே மூச்சுவிட முடிந்திருக்கும்.

இவ்வளவு மூச்சு வசதி இருந்தது என்பதற்காக அது இன்றைய பாலூட்டிகளைப்போல் வெப்பக் குருதி கொண்டிருந்தது, அதாவது உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிப் பேணியது என்று சொல்லிவிட இயலாது. உடல்வெப்பத்துக்கேற்ப வடிவம் வேறுபடும் உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களை அளந்து 2022 இல் வெளியான ஆய்வு, வெப்பக் குருதி ஏறத்தாழ 23.3 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது என்கிறது. அதற்குச் சில கோடி ஆண்டுகள் பின்வந்த, பாலூட்டிகளுக்கு மிக நெருங்கிய மோர்கனுகோடனோ வேறு கதை சொல்கிறது. மூஞ்சூறு அளவேயான அவ்விலங்கின் பல்வேரில் ஆண்டுக்கொன்றாகப் படியும் படலங்களை எக்ஸ் கதிரால் எண்ணியபோது, அது 14 ஆண்டுகள் வரை வாழ்ந்தமை 2020 இல் தெரியவந்தது. அதேயளவு கொண்ட இன்றைய பாலூட்டிகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே வாழ்கின்றன. நீண்ட ஆயுள், ஓய்வுநிலை அனுசேபம், அதாவது ஓய்வில் உடல் சக்தியைச் செலவிடுவது, மெதுவாக நடந்ததைக் குறிக்கிறது.

ஆயினும் அதன் தொடையெலும்பில் குருதிக்குழாய் நுழையும் துளை, உடலளவோடு ஒப்பிடுகையில், ஊர்வனவற்றினதைவிடப் பெரிது; பெரிய துளை கூடிய குருதியோட்டத்தைக் காட்டும். ஓய்வில் ஊர்வனபோல் சிக்கனமாக இருந்த உடல், ஓட்டத்தில் அவற்றைவிட அதிக ஒட்சிசனைச் செலவிட்டிருக்க வேண்டும். முதலில் கூடியது தாக்குப்பிடித்து ஓடும் ஆற்றல், ஓய்விலும் நீங்காத உடல்வெப்பம் பின்னரே முழுமையாயிற்று என்று 1979 இல் உயிரியலாளர்கள் பென்னட்டும் ரூபனும் முன்வைத்த கருத்துக்கு இச்சான்று பொருந்துகிறது என்றே நான் எண்ணுகிறேன்.